நாற்பத்து மூன்று குஞ்சுகளும் அறுபதாம் படியும்

4-8-1986, திங்கள்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நேற்றுக் காவிரிக்குப் போய்க் கண்டதையும் தின்றுவிட்டு வந்த குழந்தைகள் பாதி, ஆற்றில் கால் வழுக்கின பெரியவர்கள் பாதி. ஊசி போட்டுப் போட்டு விரல் மரத்துவிட்டது. பதினாறு வருஷமாக இந்தத் திருச்செங்கோட்டில் டாக்டர் வெங்கடாசலத்திடம் நர்சு நான். கட்டுப் போடுவேன், மருந்து எடுத்துக் கொடுப்பேன், சண்டைக்கு வருகிறவர்களை வரிசையில் நிற்க வைப்பேன். இப்போது புதிதாக மீன் தொட்டியும் என் தலையில்.

டாக்டரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து தொட்டிக்கு ஒரு மோட்டார் அனுப்பியிருக்கிறார். கறுப்புப் பெட்டி. தொட்டியின் பின்பக்கம் தொங்கவிட்டால் ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பஞ்சில் வடிகட்டி, மேலேயிருந்து திரும்பக் கொட்டுகிறது. "அம்மிணி, ஊசிக்கு வார கொழந்தைக இதைப் பாத்துட்டு அழாம நிக்கும்" என்கிறார் டாக்டர். எங்கே நிற்கிறது? மீனைப் பார்க்கிறது, ஊசியைப் பார்க்கிறது, இரட்டிப்பாக அழுகிறது.

மீனோடு பேச ஆஸ்பத்திரியில் ஒருத்திதான் இருக்கிறாள். மாரக்காள். மல்லசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அவளிடம் இருக்கும் சாவியால் கதவைத் திறந்து, நான் வருவதற்குள் கூட்டித் துடைத்து வைத்திருப்பாள். இன்று நான் உள்ளே நுழையும்போது தொட்டியிடம், "ஏஞ்சாமி, முழிச்சிட்டீங்களா? வவுறு பசிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "முதல்ல மூலையில இருக்கற ஒட்டடையைப் பாரு" என்றேன்.

9-8-1986, சனி

மோட்டாரைக் கழுவினேன். உறிஞ்சு குழாயின் நுனியில் பிளாஸ்டிக்கில் ஒரு சின்னச் சல்லடைத் தொப்பி. கன்னங்கரேலென்று வழவழப்பாகப் பாசி. பிரஷ் போட்டாலும் போகவில்லை. எனக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. ஊசிகளோடு சேர்த்துக் கொதிக்கப் போட்டேன். பத்து நிமிஷம் கழித்து மூடியைத் திறந்தால், பொரித்த வடகம் மாதிரிச் சுருண்டு கிடக்கிறது! குழாயில் ஏறவே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டேன்.

டாக்டரிடம் சொல்லவில்லை. சிங்கப்பூர்ச் சாமான். ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்க வேண்டும். அது இல்லாமல் தண்ணீர் முன்னைவிட வேகமாகத்தான் கொட்டுகிறது. நல்லதாகப் போயிற்று.

13-8-1986, புதன்

கரண்ட் இல்லை. மழையும் இல்லை. எழுதவும் ஒன்றும் இல்லை.

18-8-1986, திங்கள்

கறுப்பு மோலி மீன் குட்டி போட்டுவிட்டது! முட்டையெல்லாம் இல்லை, உயிரோடு குஞ்சாகவே போடுகிறது. நகத்தில் பாதிகூட இல்லாத கறுப்புக் குஞ்சுகள், கடுகுக்குக் கண் வைத்த மாதிரி. இதற்கு முன் மூன்று தடவை போட்டும் பெரிய மீன்களே தின்றுவிட்டன. இந்தத் தடவை டாக்டர் புத்தகத்தைப் பார்த்து, பெரிய மீன்கள் அத்தனையையும் பிடித்து மாடியில் சிமெண்ட் தொட்டியில் விட்டுவிட்டார். தொட்டிக்கு மேலே கண்ணாடி மூடி வேறு. பூனை வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

"அம்மிணி, எண்ணு" என்றார். எண்ணினேன். இரண்டு தடவை எண்ணியும் நாற்பத்து மூன்று.

மாரக்காள் பதறிப்போனாள். "எண்ணாதீங் நர்சம்மா. உசுர எண்ணக்கூடாதுங்க, கண்ணு பட்டுரும்." டாக்டர் சிரித்தார். நானும்தான்.

20-8-1986, புதன்

முப்பத்தாறு.

பாசியைப் பிரித்துப் பார்த்தேன். கல்லுக்கு அடியில் பார்த்தேன். செத்து மிதப்பதும் இல்லை, கீழே கிடப்பதும் இல்லை. ஏழு குஞ்சு எங்கே போகும்?

21-8-1986, வியாழன்

முப்பத்தொன்று. டாக்டர் முகம் சுண்டிப்போய்விட்டது. "உன்ற கண்ணு முன்னாடி இருக்கற தொட்டி, அம்மிணி" என்றார். அது போதாதா? இந்த ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சு உருண்டை காணாமல் போனாலும் எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான்.

22-8-1986, வெள்ளி

இருபத்தேழு.

மல்லசமுத்திரத்து ஆத்தாயி, கால் புண்ணுக்குக் கட்டுப் போட வருகிற கிழவி, தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கூரு மாரக்கா ஊட்டுலயும் ஆர்லிக்ஸ் பாட்டில்ல மீன் நீந்துதுங்க. அவ புள்ள வளக்குது."

கட்டுத் துணி என் கையிலேயே நின்றுவிட்டது. என்ன மீன், எப்போதிருந்து என்றெல்லாம் கேட்டேன். கிழவிக்குத் தெரியவில்லை. "குஞ்சு குஞ்சா இருக்குதுங்" என்றாள்.

எனக்கு வேறு என்ன வேண்டும்? காலையில் எனக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் தனியாக இருப்பவள் யார்? சாவி யாரிடம் இருக்கிறது? தொட்டியோடு கொஞ்சுகிறவள் யார்?

23-8-1986, சனி

கேட்டுவிட்டேன்.

அவளை உள்ளே கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் வரும்போதே அவள் தொட்டிக்கு முன்னால் குனிந்து நிற்பதைப் பார்த்தேன், தலைக்கு ஏறிவிட்டது. ஊசி வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினேன். "எத்தனை குஞ்சு இன்னைக்கு? மடியில வெச்சுக் கொண்டுபோறயா, டம்ளர்ல கொண்டுபோறயா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "என்னைய வா சொல்றீங்க?"

"உன்ற ஊட்டுல பாட்டில்ல நீந்தறது என்ன?"

"அது ஏரி வாய்க்கால்ல எம்புள்ள புடிச்ச அயிரைக் குஞ்சுங்க. வேணும்னா வந்து பாருங்க."

"களவாணிக்குப் பதிலா பஞ்சம்" என்றேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். வரிசையில் யாரோ த்சொ த்சொ என்றார்கள், எனக்காகவா அவளுக்காகவா தெரியவில்லை. டாக்டர் வெளியே வந்து, "மாரக்கா, நீ ரண்டு நாளைக்கு ஊட்டுல இரு" என்றார். சாவியை நானே வாங்கிக்கொண்டேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

24-8-1986, ஞாயிறு

நான் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றும் தப்பில்லை.

25-8-1986, திங்கள்

மாரக்காள் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் வேப்பமரத்தடியில் நின்றாள். கூட அவள் அண்ணன் காளியப்பன், தறிப்பட்டறையில் ஓட்டுகிறவன். நான் வெளியே போனேன்.

"எம்புள்ள ராசாத்தியப் பொண்ணு பாக்க நேத்து வாரதா இருந்தாங்க நர்சம்மா. பலகாரமெல்லாம் சுட்டு வெச்சிருந்தேன். வரலீங்க. களவாணி ஊட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு ஆள் உட்டுச் சொல்லீட்டாங்க."

நான் என்ன சொல்வது? "அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றேன். வாய் இருக்கிறதே, அது என்னுடையதுதான்.

"பண்ணலாமுங்க. வெள்ளிக்கெழம காத்தால அறுபதாம் படிக்கு வாங்க. நானு படியில நின்னு, கையில தொடலீன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன். நீங்களும் அதே படியில நின்னு, மாரக்காதான் எடுத்தான்னு சொல்லிச் சூடத்தை அணையுங்க. ஆரு சொல்றது மெய்யின்னு மலைமேல இருக்கறவன் பாத்துக்குவான்."

போகும்போது காளியப்பன், "வராம இருந்துராதீங்க அம்மா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

இந்த ஊரில் பிறந்தவளுக்கு மலைக்கோயிலுக்கு ஏறும் அறுபதாம் படி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கொடுக்கல் வாங்கலில், வரப்புச் சண்டையில், எதிலும் தீராதது அந்தப் படியில் தீரும். எங்கள் சித்தப்பா கிணற்றுப் பங்குக்காக அங்கே நின்று பொய் சொன்னார். அடுத்த வருஷம் ஒரே மகன் அதே கிணற்றில். அப்பா சாகும்வரை அந்தக் கிணற்றுப் பக்கம் பார்வை போனால் கண்ணை மூடிக்கொள்வார்.

நான் ஏன் பயப்பட வேண்டும்? நான் பொய்யா சொல்கிறேன்?

எண்ணிக்கை இருபத்து நான்கு.

26-8-1986, செவ்வாய்

இருபத்திரண்டு.

மாரக்காள் சனிக்கிழமையிலிருந்து உள்ளே வரவில்லை. சாவி என் இடுப்பில். ஆனாலும் குறைகிறது.

இன்னொரு சாவி செய்து வைத்திருப்பாளோ? ராத்திரி யாரையாவது விட்டு எடுக்கிறாளோ? என்னைப் பொய்யாக்க வேண்டும் என்றே?

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். பைத்தியக்காரி எழுதின மாதிரி இருக்கிறது. மல்லசமுத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இரண்டு மீன் குஞ்சைத் திருடிக்கொண்டு போவார்களாக்கும்.

27-8-1986, புதன்

எழுத உட்கார்ந்து அரை மணி நேரமாகிறது. வரிசையாகவே எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் கதவைப் பூட்டி, பூட்டின்மேல் பிளாஸ்திரி ஒட்டி, என் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவள் வந்து எடுக்கிறாள் என்று காட்ட. காலையில் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து கிளம்பும்போது தம்பி அர்த்தநாரி கிணற்று மேட்டில் நின்று மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் எடுக்கவில்லை. கயிற்றைக் கட்டிக் குழாயை மேலே இழுத்தான். கூட ஒரு கை பிடிக்கப் போனேன். கிணற்றுக்குள் இருக்கும் குழாயின் அடியில் புட்வால்வு, தண்ணீரை இழுக்கும் சல்லடை வாய்; அதைச் சுற்றி அவன் ஒரு கூடை கட்டியிருப்பான். அந்தக் கூடை கயிறு அறுந்து போய்விட்டது. புட்வால்வுச் சல்லடை முழுக்க ஆலிலை, ஒரு தவளை, அப்புறம் பொடிப் பொடியாகக் கெண்டைக் குஞ்சு. சல்லடைக் கண்ணில் பாதி உடம்பு உள்ளே, பாதி உடம்பு வெளியே.

"கூடை இல்லீன்னா இப்படித்தானக்கா. மோட்டாரு இழுக்கற இழுப்புல குஞ்சு நீந்தித் தப்ப முடியுமா?" என்றான்.

நான் கயிற்றை விட்டுவிட்டேன். "ஏனக்கா, என்னாச்சு?" என்று கத்துகிறான். சேலையெல்லாம் பாசித் தண்ணீரோடு பஸ் ஏறினேன்.

பிளாஸ்திரி ஒட்டினபடி இருந்தது. கையெழுத்து கலையவில்லை. உள்ளே போய் எண்ணினேன். பத்தொன்பது.

மோட்டாரை நிறுத்தினேன். கறுப்புப் பெட்டியைக் கழற்றி, பஞ்சை எடுத்து, வெள்ளைத் தட்டில், ஊசி வைக்கும் தட்டில், கவிழ்த்தேன். அய்யோ. அய்யோ சாமி. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கறுப்புக் கறுப்பாக. உருத் தெரிந்தது பதினேழு. மீதி எண்ண முடியவில்லை, கூழாகிவிட்டது.

நான் பார்த்துக்கொண்டிருந்த தொட்டி. நான் கழுவின மோட்டார். மூடி போட்டு, பூட்டுப் போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, திருடனை உள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

அப்புறம்தான் சல்லடைத் தொப்பி ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். இருக்கிறது. ஆகஸ்ட் ஒன்பது, என் கையெழுத்திலேயே இருக்கிறது. "நல்லதாகப் போயிற்று" என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

28-8-1986, வியாழன்

மோட்டாரை நிறுத்தி வைத்தால் தண்ணீர் கலங்குகிறது, குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. ஓடவிட்டால் விழுங்கும். முதலில் குழாய் வாயில் கட்டுத் துணியைச் சுற்றினேன். கால் மணி நேரத்தில் அடைத்துக்கொண்டது, மோட்டார் முனகுகிறது. ஒரு குஞ்சு துணியோடு ஒட்டிக்கொண்டு துடித்தது. விரலால் எடுத்துவிட்டேன். பிழைத்தது.

அர்த்தநாரியிடம் கேட்டேன். "சல்லடைய வாயோட ஒட்டிக் கட்டுனா அத்தனை இழுப்பும் அங்கயே இருக்கும். அதனாலதான் கூடையப் பெருசாக் கட்டறது. கூடை பெருசானா இழுப்புப் பரவிப் போயிரும், மேல வந்து பட்டாலும் குஞ்சு நழுவிக்கும்" என்றான். கடைக்குப் போய் நைலான் டீ வடிகட்டி இரண்டு வாங்கினேன். பிடியை வெட்டிவிட்டு, குழாய் வாயை நடுவில் வைத்து, இரண்டையும் வாயோடு வாய் சேர்த்து உருண்டையாக்கி, தையல் போடும் பட்டு நூலால் சுற்றித் தைத்தேன். புண்ணுக்குத் தைக்கிற மாதிரியே சின்னச் சின்னத் தையல். ஓடவிட்டேன். ஒரு குஞ்சு உருண்டைக்குப் பக்கத்தில் போய் மோதி, திரும்பி, தன் பாட்டுக்குப் போயிற்று. நின்ற இடத்திலேயே அழுதேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியைக் கொதிக்க வைத்தது உட்பட. தட்டையும் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "சரி உடு. தப்பு உன்னுதுமில்ல, என்னுதுமில்ல, மோட்டாருது. மாரக்காளுக்கு ஆள் உட்டு வேலைக்கு வரச் சொல்லீரலாம். ஒரு நல்ல சீலையா எடுத்துக் குடுத்துரலாம். நீ நாளைக்கு மலைக்குப் போக வேண்டாம், அம்மிணி. போனா ஆஸ்பத்திரிப் பேரு கெட்டுப்போகும்" என்றார்.

தம்பியும் அதையேதான் சொல்கிறான், கொஞ்சம் வேறு மாதிரி. "கூட்டிப் பெருக்கறவகிட்ட நாம படியில நின்னு மன்னிப்புக் கேக்கறதா? நாளைக்குச் சொந்தபந்தம் காறித் துப்பாது?"

எனக்கே ஒரு யோசனை ஓடுகிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மலைக்குப் போகிறேன், நிற்கிறேன், அவள் சத்தியம் செய்வாள், அவளுக்கு ஒன்றும் ஆகாது, ஊர் அவளை நம்பிவிடும். நான் வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டால் என்ன? நர்சம்மா ஏதோ தப்பாக நினைத்துவிட்டார் என்று நான்கு நாளில் மறந்துவிடுவார்கள். சல்லடைத் தொப்பி யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். இந்த நோட்டுக்குத் தெரியும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் ஆயிற்றா?

29-8-1986, வெள்ளி

போனேன்.

தம்பி வரமாட்டேன் என்றவன், கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். படி ஏற ஏற எண்ணிக்கொண்டே போனேன். இத்தனை நாள் மீன் எண்ணின வாய். ஐம்பது தாண்டியதும் எண்ணிக்கை குழம்பிவிட்டது, ஆனால் இடம் தவறவில்லை. மாரக்காள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு. கையில் வெற்றிலையில் சூடம். காளியப்பனும், அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும், மலைக்கு வந்த இரண்டு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் சூடத்தைப் படியில் வைத்துக் குனிந்தாள். தீப்பெட்டியை உரசப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"பத்த வெக்காதே மாரக்கா. நீ சத்தியம் பண்ண வேண்டாம்."

"ஏனுங்க? பயமாயிருக்குதுங்களா?"

"ஆமாம்" என்றேன். பயமாகத்தான் இருந்தது. பிறகு சொன்னேன். நீ எடுக்கவில்லை. மோட்டார் இழுத்துக்கொண்டது. மோட்டார் வாயில் இருந்த சல்லடையைக் கொதிக்க வைத்துக் கெடுத்தவள் நான். கெடுத்ததை மறைத்தவளும் நான். உன்னைக் களவாணி என்று சொன்ன வாயால் இந்தப் படியில் நின்று சொல்கிறேன், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் படித்துப் படித்துப் பார்த்துக்கொண்டு போன வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. இப்படித்தான் தட்டுத் தடுமாறி வந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம் அப்படியே இருந்தது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில எத்தன பேரு இருந்தாங்க நர்சம்மா?"

அவளே சொன்னாள்.

"அம்பது பேராச்சும் இருப்பாங்க. எங்கூரு ஆத்தாயி இருந்தா. எம்புள்ளைய வேண்டான்னு சொன்னவுங்க சொந்தக்காரன் ஒருத்தன் இருந்தான். இங்க ஏழு பேருதானுங்க நிக்கறோம். சாமிக்குத் தெரியுமுங்க, நாங் களவாங்கலீன்னு. மனுசருக்குத் தெரியோணும்."

சூடத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

"பாத்தயா, தலை மேல ஏறீட்டா" என்றான் தம்பி. "வாயை மூடு" என்றேன். அவள் கேட்டதில் ஒரு எழுத்துக்கூட அதிகம் இல்லை.

1-9-1986, திங்கள்

ஊசி வரிசை வாசல் தாண்டி நின்றது. மல்லசமுத்திரத்து ஆட்கள் வரும் பஸ் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்ததும் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். நாற்பத்தொரு வயசில், வெள்ளைச் சேலையில், பெஞ்சின் மேல். குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டன. மீன் தொட்டி செய்யாததை நான் செய்தேன்!

சொன்னேன். கொதிக்க வைத்த தொப்பி, பஞ்சுக்குள் இருந்த குஞ்சுகள், எல்லாம். "மாரக்காள் எடுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன், நான்தான் பழி போட்டேன்." டாக்டர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், என்னை இறங்கச் சொல்லவில்லை. கால் புண்ணு ஆத்தாயி எழுந்து நின்று, "அப்பறம் நானும் ஒண்ணு சொல்லோணும். நாஞ்சொன்னது பாட்டில்ல மீன் இருக்குதுன்னுதான். களவாண்டான்னு நாஞ் சொல்லலீங்க!" என்றாள். யாரோ சிரித்தார்கள். ஒருவன் மட்டும், "அப்ப அந்தப் பொம்பளை நாசமாப் போகோணுமா?" என்று கேட்டான். கேட்கட்டும். கேட்க வேண்டியதுதான்.

இறங்கி, வரிசையில் முதலில் நின்ற குழந்தைக்கு ஊசி போட்டேன்.

4-9-1986, வியாழன்

இன்று காலையில் வாசலில் மாரக்காள். கையில் விளக்குமாறு இல்லை.

"ஊருல சொல்லிக்கறாங்க, பெஞ்சு மேல ஏறீட்டீங்களாமா" என்றாள். சிரிக்கவில்லை.

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. "சாவி வேண்டாமுங்க. நீங்க தொறங்க, நீங்க பூட்டுங்க. இன்னொண்ணு. நான் போறதுக்கு முன்னால, தெனமும், எம்முன்னால நின்னு மீன எண்ணோணும். எண்ணிச் சொல்லோணும். அப்பறந்தான் நான் போவேன்."

"உசுர எண்ணக்கூடாதுன்னு சொல்வியே?"

"நீங்கதான எண்ணிப் பழக்குனீங்க."

உள்ளே வந்தவள் தொட்டிக்கு முன்னால் நின்று வடிகட்டி உருண்டையைப் பார்த்தாள். விரலால் கண்ணாடியைத் தொட்டாள். "இந்த இத்தனூண்டு சல்லடைக்கா" என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை.

சாயங்காலம் நான் எண்ணினேன், அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பத்தொன்பது.

5-9-1986, வெள்ளி

பத்தொன்பது.

6-9-1986, சனி

பத்தொன்பது. ஒன்று பாசிக்குள் ஒளிந்துகொண்டது. அது வெளியே வரும்வரைக்கும் நின்றாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நானும் கூடவே நின்றேன்.

19-9-1986, வெள்ளி

பத்தொன்பது. குஞ்சுகள் இப்போது சுண்டு விரல் நகம் அளவுக்கு வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைதோறும் உருண்டையைக் கழற்றிப் பாசியைக் கழுவுகிறேன். பச்சைத் தண்ணீரில்தான். எதையும் கொதிக்க வைப்பதில்லை.

அந்த மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வரவில்லையாம். "ஏன், இப்பத்தான் எல்லாருக்கும் தெரியுமே?" என்றேன். "ஒடஞ்சது ஒடஞ்சதுதானுங்களே" என்றாள் மாரக்காள், தரையைத் துடைத்துக்கொண்டே.

27-9-1986, சனி

மாடித் தொட்டியில் பெரிய மோலி திரும்பவும் குட்டி போட்டிருக்கிறது. குஞ்சுகளைக் கீழே தொட்டியில் விடட்டுமா என்று டாக்டர் என்னைக் கேட்கிறார்! உருண்டையை இன்னொரு தடவை பார்த்து, ஒரு தையல் கூடப் போட்டு, சரி என்றேன்.

பழையது பத்தொன்பது, புதியது இருபத்தாறு. மொத்தம் நாற்பத்தைந்து. மாரக்காள், "சரியா எண்ணுனீங்களா? மறுக்கா எண்ணுங்க" என்றாள். மறுக்கா எண்ணினேன்.

30-9-1986, செவ்வாய்

நாற்பத்தைந்து. மூன்று நாளில் ஒன்றுகூடக் குறையவில்லை. பெட்டியைத் திறந்து பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன், அழுக்கு மட்டும்தான். மாரக்காளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றாள்.

21-10-1986, செவ்வாய்

நாற்பத்தைந்து. மழை. பஸ் தாமதம். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். "சக்கரை பத்தலீங்க" என்றாள். பத்து வருஷத்தில் என்னிடம் அவள் குறை சொன்னது இதுதான் முதல் தடவை. மனசுக்கு என்னமோ நன்றாக இருந்தது.

3-11-1986, திங்கள்

தீபாவளி முடிந்து கூட்டம். பட்டாசுக் காயம் ஏழு. எண்ணிக்கை நாற்பத்து நான்கு. ஒன்று செத்துக் கீழே கிடந்தது, கண்ணுக்குத் தெரியும்படி. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். "இது தானாச் செத்தது" என்றாள். "ஆமாம்" என்றேன். அவளே எடுத்துச் செடிக்கு அடியில் புதைத்தாள்.

14-11-1986, வெள்ளி

காலையிலிருந்து மாரக்காள் கால் தரையில் பாவவில்லை. நாளை மறுநாள் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ராசாத்தியைப் பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. "ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் கேட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "நானே சொல்லீட்டேனுங்க. பெஞ்சு மேல ஏறுனதையும் சொன்னேன். மாப்பிள்ளையோட ஆத்தா விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க."

நாளைக்கு லீவு கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். சாயங்காலம் ஐந்தரைக்கு நான் வழக்கம் போலத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தும்விட்டேன். பின்னால் ஆள் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

"மாரக்கா, எண்ணவே இல்லையே!"

வேப்பமரத்தடியில் நின்று திரும்பினாள். "இருக்கும் போங்க நர்சம்மா. உசுரத் தெனமும் எண்ணீட்டே இருக்கப்படாதுங்க. பஸ்ஸு வந்துருச்சு, வாரேன். ஆ, அந்தச் சாவி. திங்கக்கெழம காத்தால நானே தொறந்துக்கறேன், குடுங்க."

ஓடிப் போய்க் கொடுத்தேன். மடியில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

திரும்பி உள்ளே வந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உருண்டையைச் சுற்றிக் குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நானும் எண்ணவில்லை.